விரல் கற்பதும் கருவி தாங்குவதும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இல்லாமல் அயன், அரி, அரன் மூவருக்கும் விசித்திரசித்தன் அமைத்த இடம் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். குடைவரையின் முகப்பில் இருபுறமும் ஆளுயரக் காவலர்கள் தண்டத்தில் சாய்ந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் நாம் காணும் துவாரபாலகர்களுக்கு இவர்கள் மூத்தவர்கள்.

அந்தத் தண்டத்திலிருந்தே இந்த அத்தியாயத்தைத் தொடங்கலாம். தண்டத்துக்கு எடை முனையில் இருக்கும், பிடியில் இருக்காது. சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உள்ள 100 கிராமை இரண்டு சாண் தூரத்துக்கு நகர்த்தினால், அதைச் சுழற்றக் கிடைக்கும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பள்ளிப் பாடத்தில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். முனை கனத்த தண்டத்தைச் சுழற்றத் தொடங்குவது கடினம். சுழலத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கடினம்.

இன்று செஞ்சிப் பக்கத்து இளைஞர்களிடம் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு கைபேசிக்குத்தான் போகும். எம்416-க்கு வெர்டிகல் கிரிப் போடுவதா, ஹாஃப் கிரிப் போடுவதா? வாய்முனையில் காம்பன்சேட்டரா, சப்ரஸரா? 3எக்ஸ் ஸ்கோப் போதுமா, 6எக்ஸ் வேண்டுமா? இவையெல்லாம் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எழும் கேள்விகள். அது 2018இல் வந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு அதைத் தடை செய்தது. கிராஃப்டன் நிறுவனம் அதை 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இத்தனைக்குப் பிறகும் விளையாடுபவர்களிடையே இந்தக் கேள்விகள் ஓயவில்லை. இவற்றுக்குப் பெரும்பாலும் யாரோ சொன்ன பட்டியலே பதிலாகிறது. இயற்பியலும் கொஞ்சம் புள்ளியியலும் தெரிந்தால் நாமே பதில் கண்டுபிடிக்கலாம்.

உதைப்பு எங்கிருந்து வருகிறது

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து ஆழமான பள்ளமாகிறது. சிறு பாலத்தைக் கடந்துதான் மேலே போக முடியும். உச்சியில் ஒரு பெரிய பீரங்கி கிடக்கிறது. அதன் பின்பகுதியில் 7560 என்ற எண் பொறித்திருக்கிறது. இந்தக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகார் கானுக்கு 1690 முதல் 1698 வரை ஆனது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதைக் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்துப் பீரங்கிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொல்லை இருந்தது: சுட்டதும் பின்னால் ஓடும்.

நியூட்டனின் மூன்றாம் விதிதான் காரணம். குண்டு எவ்வளவு உந்தத்துடன் முன்னே போகிறதோ, அதே அளவு உந்தம் பீரங்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். வெளியேறும் வெடிமருந்துப் புகையின் உந்தமும் அதோடு சேரும். பீரங்கி கனமாக இருந்தால் பின்னோக்கும் வேகம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வண்டியைத் தள்ளி முன்னிடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி குறி பார்க்க வேண்டும். நேரத்தைத் தின்றது இதுதான். 1897இல் பிரெஞ்சுப் படை 75 மி.மீ. பீரங்கியில் எண்ணெயும் அழுத்தக் காற்றும் கொண்ட உதைப்புத் தாங்கியைப் பொருத்தியது. குழாய் மட்டும் பின்னால் போய்த் தானே முன்னால் வந்தது. வண்டி இடம் பெயரவில்லை. குறி கலையாததால் சுடும் வேகம் பல மடங்கு ஏறியது. உதைப்பை அடக்குபவன் நேரத்தை மிச்சப்படுத்துகிறான் என்பது அன்றைய பாடம். கைபேசித் திரையிலும் அதே பாடம்தான் நடக்கிறது.

இதே கணக்கைத் துப்பாக்கிகளுக்கும் போடலாம். ஏகேஎம் துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டு ஏறத்தாழ 8 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 715 மீட்டர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் உந்தம் 5.7. விளையாட்டில் எம்416 என்று வருவது ஜெர்மனியின் எச்கே416-ஐ ஒட்டியது. அதன் 5.56 மி.மீ. குண்டு சுமார் 4 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 900 மீட்டர். உந்தம் 3.6. இரண்டு துப்பாக்கியும் 3.5 கிலோ என்று வைத்துக்கொண்டால், குண்டின் பங்கால் மட்டும் ஏகேஎம் நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்திலும், எம்416 சுமார் 1 மீட்டர் வேகத்திலும் தோளை நோக்கி வரும். 'ஏகேஎம் ரொம்ப உதைக்குது' என்று விளையாடுபவர்கள் சொல்வதற்கு அடிப்படை இந்த ஒன்றரை மடங்கு வித்தியாசம். நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை உருவாக்கிய 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' துப்பாக்கியும் இதே 7.62 மி.மீ. தோட்டாவைத்தான் சுடுகிறது.

உதைப்பு நேராகப் பின்னால் வருகிறது. பிறகு துப்பாக்கியின் வாய் ஏன் மேலே எழும்புகிறது? கதவைக் கீல் பக்கத்தில் தள்ளினால் அசையாது, விளிம்பில் தள்ளினால் திறக்கும். விசை எங்கே விழுகிறது, தாங்கும் புள்ளி எங்கே இருக்கிறது என்ற இடைவெளிதான் திருப்புவிசையை உண்டாக்குகிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் குழாயின் கோடு, தோளில் பதியும் இடத்தைவிடச் சற்று மேலே ஓடுகிறது. அந்தச் சிறு இடைவெளியால் பின்னோக்கிய உதைப்பு மேல்நோக்கிய திருப்பமாக மாறுகிறது. இடது வலது ஆட்டத்துக்குக் காரணம் பிடித்திருக்கும் கை, தோள், உடல் சாய்வு. அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது.

நிஜத் துப்பாக்கியில் காம்பன்சேட்டர் இந்தத் திருப்பத்தை எதிர்க்கிறது. குழாயின் வாயில் மேல்பக்கமாகத் துளைகள் உண்டு. குண்டோடு வரும் வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளைகள் வழியே மேலே பீய்ச்சுகிறது. எதிர்விசையாக வாய் கீழே அழுந்துகிறது. ஏகேஎம்மின் வாய்முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். அதோடு முனையில் ஏறும் எடையும் மண்டகப்பட்டுக் காவலரின் தண்டத்தைப் போலத் திருப்பத்தை எதிர்க்கும். குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் சிலர் குழாயின் முனைப்பக்கம் கூடுதல் எடை கட்டுவது இதனால்தான்.

நிரலுக்குள் என்ன நடக்கிறது

கைபேசிக்குள் வாயுவும் இல்லை, எடையும் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் குறி எவ்வளவு மேலே நகர வேண்டும், எவ்வளவு பக்கவாட்டில் நகர வேண்டும் என்று நிரல் இரண்டு எண்களைக் கூட்டுகிறது. துணைக்கருவி அந்த எண்களைக் குறைக்கும் மற்றொரு எண், அவ்வளவுதான். வாய்முனை, கைப்பிடி, தோட்டாப் பெட்டி, தோள்கட்டை, ஸ்கோப் என்று எம்416-க்கு ஐந்து இடங்கள் உண்டு. ஏகேஎம்முக்குக் கைப்பிடி இடமும் தோள்கட்டை இடமும் கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேல்நோக்கிய உதைப்பு பெரும்பாலும் ஒரு வடிவத்தில் வரும்: முதல் சில குண்டுகளில் இவ்வளவு, அப்புறம் இவ்வளவு என்று. பக்கவாட்டு ஆட்டத்தில் பெரும்பகுதி தற்செயல். அடுத்த குண்டு இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா என்பது முன்கூட்டித் தெரியாது.

இந்த வேறுபாடு நம் நரம்புகளைச் சந்திக்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, விரல் அசையக் குறைந்தது 0.2 நொடி ஆகும். ஏகேஎம் நிமிடத்துக்கு 600 குண்டு சுடும், அதாவது 0.1 நொடிக்கு ஒன்று. குறி விலகியதைப் பார்த்துத் திருத்துவதற்குள் மேலும் இரண்டு குண்டுகள் போய்விட்டிருக்கும். ஆக, குண்டுக்குக் குண்டு பார்த்துத் திருத்துவது மனிதனால் ஆகாத காரியம். தேர்ந்த ஆட்டக்காரர் பார்த்துத் திருத்துவதில்லை, முன்கூட்டியே இழுக்கிறார். சுடத் தொடங்கிய கணமே கட்டைவிரல் திரையில் கீழ்நோக்கி நகரத் தொடங்குகிறது. மேல்நோக்கிய உதைப்பின் வடிவத்தை அவருடைய சிறுமூளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. சைக்கிளில் சமநிலை காப்பதையும் மிருதங்கத்தில் விரல் ஓடுவதையும் கற்றுத்தரும் அதே பகுதி அது.

சிறுமூளை ஒழுங்கு உள்ளதைத்தான் கற்கும். தற்செயலை எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் மனப்பாடம் செய்ய முடியாது. இதிலிருந்து ஒரு கொள்கை கிடைக்கிறது: விரல் கற்றுக்கொள்ளக்கூடியதை விரலிடம் விடுங்கள், விரலால் கற்கவே முடியாததற்குத் துணைக்கருவியைச் செலவிடுங்கள்.

புதிதாக ஆடுபவருக்கு வெர்டிகல் கிரிப் நல்லது. மேல் உதைப்பு அவருடைய விரலில் இன்னும் பதியவில்லை. கருவி அந்தச் சுமையைத் தாங்கும். பல மாதம் ஆடி, முப்பது மீட்டரில் உள்ள சுவரில் குண்டுகளை ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் போடப் பழகியவருக்கு அதே கிரிப் வீண். அவர் ஏற்கெனவே செய்யும் வேலையையே அது செய்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் ஆங்கிள்டு கிரிப்போ, இரண்டு திசையிலும் கொஞ்சம் குறைக்கும் ஹாஃப் கிரிப்போ அவருக்குத்தான் அதிகம் கொடுக்கும். ஒரே துப்பாக்கிக்கு இரண்டு பேர் இரண்டு கிரிப்பைச் சிறந்தது என்று சொல்லிச் சண்டை போட்டால், இருவர் சொல்வதும் அவரவர் விரலுக்குச் சரியாக இருக்கலாம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் விளையாட்டு நிறுவனம் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும். கொள்கை மாறாது.

ஸ்கோப்பில் ஒளிந்திருக்கும் விலை

200 மீட்டர் தூரத்தில் 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் நிற்கிறார். நம் கண்ணுக்கு அவர் அரை டிகிரி கோணத்தில் தெரிவார். முழுநிலாவின் அகலமும் ஏறத்தாழ இதுதான். இதைக் கைபேசித் திரையில் கணக்கிட்டுப் பார்ப்போம். திரை 15 செ.மீ. நீளம், அதில் 80 டிகிரி காட்சி அடங்குகிறது என்று கொண்டால், அந்த ஆள் திரையில் 0.8 மி.மீ. உயரம்கூட வரமாட்டார். ஒரு கடுகைவிடச் சிறிது. 4எக்ஸ் போட்டால் 3 மி.மீ., 6எக்ஸ் போட்டால் நாலரை மி.மீ. கைபேசியில் ஸ்கோப் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

ஆனால் ஸ்கோப் ஆளை மட்டும் பெரிதாக்குவதில்லை, உதைப்பையும் பெரிதாக்குகிறது. ஒரு டிகிரி குறி விலகினால், ஸ்கோப் இல்லாத திரையில் அது ஒன்றரை மி.மீ. அசைவு. 6எக்ஸில் அதே ஒரு டிகிரி 9 மி.மீ.க்கு மேல். திரையைத் தொடும் கட்டைவிரலின் அகலமே ஏறத்தாழ ஒரு செ.மீ.தான். உணர்திறன் அமைப்பை மாற்றாமல் 6எக்ஸில் தொடர்ந்து சுட்டால், பத்து குண்டுக்குள் விரல் இழுக்க இடமில்லாமல் திரையின் விளிம்பில் போய் நிற்கும். தேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனி உணர்திறன் வைப்பதும், 6எக்ஸைச் சுருக்கி 3எக்ஸ் அளவில் வைத்துத் தொடர்ந்து சுடுவதும் இதனால்தான்.

காட்சிப் பரப்பும் சுருங்கும். 6எக்ஸில் பார்ப்பவருக்கு ஆறு மடங்கு குறுகிய சன்னல்தான் கிடைக்கிறது. பக்கத்தில் ஓடிவரும் இன்னொருவர் அதற்குள் வரவே மாட்டார். வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு ரெட் டாட் அல்லது ஹோலோ, நடுத்தூரத்துக்கு 3எக்ஸ், மலைமேல் படுத்து ஒற்றைக் குண்டாகச் சுட 6எக்ஸ் அல்லது 8எக்ஸ் என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து தானாக வருகிறது.

சத்தமும் அமைதியும்

வாய்முனையில் ஒரே இடம்தான். காம்பன்சேட்டர் போட்டால் சப்ரஸர் போட முடியாது. எதை விடுவது என்று தெரிய வேண்டுமானால் துப்பாக்கிச் சத்தம் எப்படிப் பயணிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வெயிலில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு அதை முந்திவிடும். 300 மீட்டர் தள்ளி நிற்பவரைக் குண்டு சுமார் 0.4 நொடியில் கடக்கும். துப்பாக்கி வெடித்த சத்தம் அவருக்குக் கேட்க 0.86 நொடி ஆகும். அவர் முதலில் கேட்பது ஒலியை முந்திய குண்டு காற்றைக் கிழிக்கும் 'சடக்' என்ற வெடிப்பு. பிறகு வருவது வாய்முனைச் சத்தம். சுட்டவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது சத்தம்தான்.

நிஜ சப்ரஸர் வேலை செய்வது அதன்மீது. 160 டெசிபல் அளவில் வெடிக்கும் வாயு, தடுப்பறைகள் வழியே விரிந்து குளிர்ந்து மெதுவாக வெளியேறுகிறது. சத்தம் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். மிச்சமிருப்பதும் காதைப் பாதிக்கக்கூடிய சத்தமே. சினிமாவில் வருவதுபோல் 'புஸ்' என்று அடங்குவதில்லை. குண்டின் 'சடக்' வெடிப்பைச் சப்ரஸரால் தொடவே முடியாது. அது குறைப்பது இடம் காட்டும் தடயத்தை. செஞ்சியைப்போல் பாறைக் குன்றுகள் சூழ்ந்த இடத்தில் எதிரொலியும் சேர்ந்துகொண்டால், எந்தத் திசை என்று சொல்வது இன்னும் கடினமாகும்.

விளையாட்டிலும் சப்ரஸரின் பலன் இதுதான். வாய்முனைத் தீப்பொறி மறையும். தூரத்தில் இருப்பவரின் மினிமேப்பில் சுட்ட இடம் தெளிவாகத் தெரியாது. எனவே கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் இடம் தெரிந்தால் நீங்கள் இழப்பது அதிகமா, குறி சிதறினால் இழப்பது அதிகமா? தூரத்திலிருந்து ஒற்றைக் குண்டாகச் சுடுபவருக்கு இடம்தான் உயிர். அப்படிச் சுடப் பயன்படும் கார்98கே துப்பாக்கிக்குச் சப்ரஸர் பொருந்துவது அதனால். பத்து மீட்டரில் எதிரெதிரே நின்று சுடும்போது இருவருக்கும் இடம் தெரியும். அங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை, காம்பன்சேட்டர்தான் பயன்.

பத்து குண்டுகளின் மதிப்பு

எக்ஸ்டெண்டட் மேக்கைப் பலர் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஏகேஎம் தோட்டாப் பெட்டியில் 30 குண்டு. எக்ஸ்டெண்டட் போட்டால் 40. சுட்டுக்கொண்டே இருக்கக்கூடிய நேரம் 3 நொடியிலிருந்து 4 நொடியாகிறது. நான்கு குண்டுக்கு ஒன்று படுகிறது, ஒருவரை வீழ்த்த ஐந்து குண்டு பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 குண்டில் ஏழோ எட்டோ படும். ஒருவர் விழுவார், இரண்டாமவர் முன்னால் தோட்டாப் பெட்டியை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 40 குண்டில் சராசரியாகப் பத்து படும். இருவரையும் சமாளிக்கும் வாய்ப்பு பிறக்கிறது.

இன்னொன்றும் தெரிகிறது. நன்றாகக் குறிவைப்பவருக்கு, இரண்டு குண்டுக்கு ஒன்று படுகிறவருக்கு, 30 குண்டிலேயே பதினைந்து படுகிறது. கூடுதல் பத்து குண்டின் தேவை அவருக்குக் குறைவு. குறி இன்னும் பழகாதவருக்குத்தான் எக்ஸ்டெண்டட் மேக் அதிகம் உதவும். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்கோப்பைத் தேடி ஊர் ஊராக லூட் அடிப்பது பெரும்பாலும் தவறான முதலீடு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதுவரை சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இந்த விளையாட்டுகளில் பயிற்சி மைதானம் உண்டு. அதை ஆய்வகமாக்கிக்கொள்ளலாம். ஒரு சுவரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். துணைக்கருவி எதுவும் இல்லாமல், விரலால் இழுக்காமல், முப்பது குண்டும் தொடர்ந்து சுடுங்கள். துளைகள் எவ்வளவு உயரத்துக்குப் பரவின, எவ்வளவு அகலத்துக்குப் பரவின என்று திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். பிறகு விரலால் இழுத்துச் சுட்டுப் பாருங்கள். உயரம் சுருங்கியிருக்கும். அகலம் பெரிதாக மாறியிருக்காது. விரலால் முடிவதும் முடியாததும் சுவரிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஒரே ஒரு துணைக்கருவியைச் சேர்த்து மறுபடி சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கிரிப்பையும் ஸ்கோப்பையும் சேர்த்து மாற்றினால், வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். பக்கவாட்டு ஆட்டம் தற்செயல் என்பதால் ஒருமுறை சுட்டதை வைத்து முடிவு செய்யக்கூடாது. பத்து முறை சுட்டுச் சராசரி எடுத்தால், தற்செயலால் வரும் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். நூறு முறை சுட்டால் பத்தில் ஒரு பங்கு. விதை நெல்லைச் சோதிக்கும் வேளாண் ஆய்வாளரும், மருந்தைச் சோதிக்கும் மருத்துவரும் செய்வது இதே வேலைதான்.

2023இல் பிஜிஎம்ஐ திரும்பி வந்தபோது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் பதினைந்து நிமிடத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்கும் மாணவர், உந்தத்தையும் திருப்புவிசையையும் சராசரியையும் தேர்வுக்காகப் படிப்பவரைவிட ஆழமாகப் புரிந்துகொள்வார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கலாம். அந்தப் பேச்சில் 'ஏகேஎம் ஏன் அதிகம் உதைக்கிறது?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே ஆர்வமுள்ள இடத்திலிருந்து அறிவியலைத் தொடங்குவதுதான் எளிது.

சோதனை முடிந்ததும் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: துணைக்கருவி, பரவலின் உயரம், பரவலின் அகலம். மேல் உதைப்பு உங்கள் விரலுக்குப் பழகிவிட்டிருந்தால், எந்த வரியில் அகலம் அதிகம் சுருங்கியிருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற தேர்வு.